பயணிகள் இல்லாத விமானத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 டிசம்பரில் விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாகி, விமான நிலையங்களில் பெட்டிகள் குவிந்து கிடந்தபோது, விமானிகளின் ஓய்வு நேரம் என்ற விஷயம் தேநீர்க் கடைப் பேச்சுவரை வந்தது. வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது, இரவுப் பணியின் எல்லை அதிகாலை 5 மணியிலிருந்து 6 மணிக்கு நகர்ந்தது, இரவில் செய்யக்கூடிய தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ விதிகளின் நுணுக்கங்களெல்லாம் வாசகர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. அந்த விவாதத்தில் ஒரு சாராரின் பேச்சே எழவில்லை. அவர்கள் சரக்கு விமானிகள். "அவங்களுக்கென்ன, பின்னாடி இருக்கிறது அட்டைப்பெட்டி, எவ்வளவு குலுங்கினாலும் வாய் திறக்காது" என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்ல, விமானப் பயிற்சி மாணவர்களிடமும் இருக்கிறது. அதில் எது சரி, எது பிழை என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

சரியான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறோம். அறிவிப்பு செய்ய வேண்டியதில்லை. குடித்துவிட்டுச் சண்டை போடுபவர் இல்லை. நடுவானில் யாருக்கும் நெஞ்சுவலி வராது. பணிப்பெண்கள் இல்லாததால் சாப்பாட்டைச் சூடாக்குவது, காபி கலப்பது எல்லாம் விமானிகளே. உரிமத்தில் எந்த வேறுபாடும் கிடையாது: அதே 200 மணி நேரப் பறப்பு, அதே வணிக விமானி உரிமம், அந்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சி, வழக்கமான சிமுலேட்டர் தேர்வுகள். "சரக்குக்கு மட்டும்" என்று சலுகை விலையில் உரிமம் எதுவும் விற்பதில்லை.

வேறுபாடு விமானத்தின் வயிற்றில் இருக்கிறது. பயணி தானே நடந்து வந்து, உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொள்வார். பேலட், அதாவது சரக்கை அடுக்கிக் கட்டிய தட்டு, ஐந்து டன் இருந்தாலும் அதைச் செய்யாது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் நெடுநாளாகப் பறக்கவிடும் போயிங் 757 சரக்கு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். இருக்கைகள் இருந்த மேல்தளத்தில் 15 பேலட் இடங்கள். இடப்பக்கம், இறக்கைக்கு முன்னால், மேல்நோக்கித் திறக்கும் பெரிய சரக்குக் கதவு. கதவருகே தரையில் இரும்புக் குண்டுகள் பதித்த பகுதி. அதன்மேல் பேலட்டை எந்தப் பக்கமும் திருப்பலாம். அங்கிருந்து பின்பக்கம்வரை உருளைகள். நான்கைந்து பேர் சேர்ந்தால் டன் கணக்கான பேலட்டைக் கையாலேயே தள்ளிவிடலாம். அவ்வளவு எளிதாக நகரும் பொருள், பூட்டு விழாவிட்டால் வானத்திலும் அவ்வளவு எளிதாகவே நகரும்.

ஆகவே முதல் வேலை பூட்டுகளைப் பார்ப்பது. ஒவ்வொரு பேலட்டையும் முன்னும் பின்னும் தரைப்பூட்டுகளும், பக்கவாட்டில் தண்டவாளம் போன்ற தடுப்புகளும் பிடித்திருக்கும். ஒரு பூட்டு உடைந்திருந்தால் விமானம் கிளம்பக் கூடாது என்பதில்லை. அந்த இடத்தில் ஏற்றக்கூடிய எடை குறையும். அடுத்தடுத்த பூட்டுகள் பழுதென்றால் அந்த இடத்தையே காலியாக விட நேரலாம். எவ்வளவு குறையும் என்பது கையேட்டில் அட்டவணையாக இருக்கிறது. தவறு நடப்பது அட்டவணையில் அல்ல. பூட்டு எழுந்து நிற்பதுபோல் தெரியும், ஆனால் பேலட் விளிம்பு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்துக் குனிந்து பார்க்காவிட்டால் கண்ணில் படாது. எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபின் பின்பகுதிக்குப் போக வழியும் பெரும்பாலும் இருக்காது. ஏற்ற ஏற்றத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து வலை. அலுமினியத் தட்டின்மேல் அடுக்கிய பெட்டிகளை வலையால் மூடி, விளிம்பில் வளையங்களால் கோத்து இறுக்கியிருப்பார்கள். வலைக்கயிறு அறுந்திருக்கிறதா, வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தட்டின் ஓரம் வளைந்திருக்கிறதா, பெட்டிகள் விமானத்தின் உட்சுவர் வளைவைத் தாண்டித் துருத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். 757-இல் பேலட்டின் உயரம் இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டலாம். 747 சரக்கு விமானத்தில் மூன்று மீட்டர்வரை போகலாம். மழைக்காலத்தில் தளர்ந்த வலை ஒரு தனித் தலைவலி. கிடங்கில் இறுக்கியபோது விறைப்பாக இருந்த அட்டைப்பெட்டிகள், விமானம் நிற்கும் திறந்த தளமான ஏப்ரனில் நனைந்ததும் அமுங்கிவிடும், வலை தொங்கும். எடை போட்டது நனைவதற்கு முன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

757-க்குக் கதவு முன்பக்கம் என்பதால் இன்னொரு சிக்கல். பின்னிடங்களை முதலில் நிரப்பினால்தான் முன்னிடங்களை நிரப்ப முடியும். இறக்கும்போது முன்னால் இருப்பவை முதலில் வெளியேறும். இரண்டு நேரத்திலும் சற்று நேரம் எடை முழுவதும் வால் பக்கமே நிற்கும். வால் பகுதிக்கு முட்டுக்கொடுக்கும் தாங்கியை வைக்க மறந்தாலோ, மேல்தளத்துக்கு அடியில் உள்ள கீழறையின் முன்பகுதியை வரிசை தவறி முன்கூட்டியே காலி செய்தாலோ, மூக்குச் சக்கரம் தரையைவிட்டு எழும்பி விமானம் பின்புறமாக உட்கார்ந்துவிடும். பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்; பழுது பார்ப்பவர்களுக்கு அல்ல.

இனி எடை. லோட் ஷீட் என்ற தாளில் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு, ஈர்ப்பு மையம் இறக்கையின் சராசரி நாணில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரையான அகலத்தில்) எத்தனை சதவீதத்தில் விழுகிறது என்பதெல்லாம் இருக்கும். அந்தச் சதவீதத்தை வைத்தே வாலில் உள்ள கிடைமட்ட இறக்கையின் கோணத்தை விமானி அமைக்கிறார். ஓடுபாதையில் மூக்கைத் தூக்கும் வேகமும் மொத்த எடையிலிருந்தே வருகிறது. சிக்கல் என்னவென்றால் விமானியிடம் தராசு இல்லை. பேலட்டில் தொங்கும் அட்டையில் எழுதிய எண்ணை நம்ப வேண்டும். பேலட்டுக்கு 100 கிலோ குறைத்து எழுதினால் 15 பேலட்டுகளில் ஒன்றரை டன் மறைந்துவிடும். எடை கூடியதைவிட இடம் மாறியதுதான் ஆபத்து. 4 டன் எழுதிய பேலட்டும் 2 டன் எழுதிய பேலட்டும் இடம் மாறி உட்கார்ந்தால் மொத்த எடை சரியாகவே இருக்கும். ஈர்ப்பு மையம் பொய்யாகிவிடும். முன்பாரம் என்றால் விமானி இழுத்தும் மூக்கு எழாமல் ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும். பின்பாரம் என்றால் இழுக்காமலே மூக்கு எழும்பும். அதைக் கீழே அழுத்த முடியாவிட்டால் விமானம் வேகம் இழந்து விழும்.

1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 விழுந்தது இப்படித்தான். முதலில் திட்டமிட்ட விமானத்துக்குப் பதிலாக வேறு விமானம் வந்தது. ஏற்றப்பட்ட முறையும் தாளில் இருந்த கணக்கும் பொருந்தவில்லை. தாளை நம்பி அமைத்த வால் கோணம் உண்மையான பாரத்துக்கு ஒத்துப்போகவில்லை. விமானத்தில் இருந்த நால்வரும் தரையில் ஒருவரும் இறந்தனர். 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸின் 747, மேலெழுந்த சில நொடிகளில் செங்குத்தாக நின்று சரிந்ததை ஒரு காரிலிருந்த கேமரா பதிவு செய்தது. பலரும் அதைக் கைபேசியில் பார்த்திருப்பார்கள். உள்ளே இருந்தவை ஐந்து கவச வாகனங்கள், ஒவ்வொன்றும் 12 அல்லது 18 டன். பின்னால் இருந்த வாகனம் பட்டைகளை அறுத்துக்கொண்டு நகர்ந்து, ஹைட்ராலிக் அமைப்புகளையும் வால் இறக்கையை இயக்கும் திருகுதண்டையும் சிதைத்தது. ஏழு பேரும் இறந்தனர். காரணம் பட்டையின் எண்ணிக்கை மட்டும் அல்ல. ஒரு பட்டை 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ தாங்கும் என்றால் அது நேராக இழுக்கும்போது மட்டுமே. சரிவாகக் கட்டினால், கோணம் கூடக் கூட, நமக்கு வேண்டிய திசையில் அது தரும் பிடிப்பு குறையும். பள்ளிக்கூடத்துத் திரிகோணமிதிதான், ஆனால் நள்ளிரவில் ஏப்ரனில் யாராவது அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட விமானிகள் அஞ்சுவது தீயை. பயணிகள் விமானத்தில் புகை வந்தால் நான்கு பேர் தீயணைப்பானோடு ஓடுவார்கள். சரக்கு விமானத்தின் மேல்தளத்துக்கு யாரும் ஓட முடியாது. பல ரகங்களில் அங்கே தீயணைக்கும் வாயுவும் கிடையாது. கீழறையில் ஹாலோன் எனும் அந்த வாயு உண்டு. மேல்தளத்துக்கு விதிகள் தரும் வழி வேறு: புகை உணரி அலறியதும் விமானிகள் ஆக்சிஜன் முகமூடியும் புகைக் கண்ணாடியும் அணிவார்கள், மேல்தளத்துக்குப் போகும் காற்றோட்டத்தை அடைப்பார்கள், விமானத்தின் உள்ளழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, 747 போன்ற விமானத்தில் 25,000 அடி அளவில் பறப்பார்கள். மெல்லிய காற்றில் தீ மூச்சுத்திணறி அடங்க வேண்டும் என்பதே கணக்கு. சாதாரண அட்டை, துணி போன்றவற்றில் தீயின் வேகத்தை அது குறைக்கும். ஆனால் தரையிறங்க வேண்டுமானால் கீழே வரத்தானே வேண்டும்? கீழே வர வர ஆக்சிஜன் கூடும், அடங்கியிருந்தது மீண்டும் எழும். அருகில் விமான நிலையம் இருந்தால் உடனே இறங்குவதா, உயரத்திலேயே இருந்து தீயை அடக்குவதா என்ற கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் முழு விடை இல்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், இறங்குவதே மேல்.

லித்தியம் பேட்டரி இந்தக் கணக்கையே கலைத்துவிட்டது. ஒரு செல் சூடேறிக் கட்டுமீறினால் தன் வெப்பத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும், பக்கத்துச் செல்லைச் சூடாக்கும், எரியும் வாயுவைக் கக்கும். ஹாலோன் வெளிச்சுடரை அணைக்கலாம்; உள்ளே நடக்கும் சங்கிலியை நிறுத்தாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கொலோனுக்குக் கிளம்பிய யுபிஎஸ் நிறுவனத்தின் 747-இல் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள் இருந்தன. தீ எச்சரிக்கை வந்ததிலிருந்து விமானம் விழும்வரை அரை மணி நேரம்கூட இல்லை. கேப்டனின் ஆக்சிஜன் நின்றுபோனது. துணை விமானிக்குப் புகையில் கருவிகளும் தெரியவில்லை, ரேடியோ அலைவரிசையை மாற்றவும் முடியவில்லை. அக்கம்பக்கத்தில் பறந்த விமானங்கள் வழியே தகவல் சொல்லித்தான் அவருக்குத் துபாய்க்கு வழிகாட்டினார்கள். இருவரும் இறந்தனர். 2011 ஜூலை 28 அன்று ஜேஜு தீவுக்கு அருகே ஏசியானா சரக்கு விமானமும், பேட்டரிகளும் எரியும் திரவங்களும் ஏற்றிய நிலையில் தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. அதிலும் இருவர்.

இதற்குப் பிறகு 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்று ஐக்கிய நாடுகளின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ தடை விதித்தது. சரக்கு விமானத்தில் ஏற்றலாம். மின்னேற்றம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 30 சதவீத விதி நல்ல விதி. மின்னேற்றம் குறைந்த செல் கட்டுமீறுவது அரிது. ஆனால் இந்தத் தடையின் பொருளைக் கொஞ்சம் யோசியுங்கள். 180 பேர் பறக்கும் விமானத்துக்கு ஆபத்து என்று ஒதுக்கியதை, இரண்டு பேர் பறக்கும் விமானத்துக்கு அனுப்புகிறோம்.

அறிவித்து ஏற்றிய பேட்டரியைப் பற்றி விமானிக்கு அவ்வளவு பயமில்லை. கிளம்புமுன் அவர் கையில் நோட்டாக் எனும் தாள் வரும். எந்த இடத்தில் என்ன ஆபத்தான பொருள், யுஎன் எண், வகுப்பு, அளவு எல்லாம் அதில் இருக்கும். யுஎன் 3480 என்றால் தனி லித்தியம்-அயன் பேட்டரி; 3481 என்றால் கருவியோடு சேர்ந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், எந்தப் புகை உணரி அலறியது என்பதோடு பொருத்திப் பார்க்கலாம். பயமெல்லாம் தாளில் இல்லாததைப் பற்றித்தான். "பொம்மை", "உதிரிப்பாகம்", "பரிசுப்பொருள்" என்று எழுதி உள்ளே பவர் பேங்க் வைத்த பெட்டி எந்தத் தாளிலும் வராது.

எல்லா அலறலும் தீ அல்ல என்பதும் ஒரு தொல்லை. பூ, பழம், காய்கறி நிறைந்த தளத்தில் ஈரப்பதமும், கால்நடைகளின் மூச்சும், தூசியும் புகை உணரியை ஏமாற்றிவிடும். ஏமாற்றுகிறது என்று விமானி நினைத்துவிட முடியாது. தீ என்று வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். மருந்தும் மீனும் போகும்போது கூடவே வரும் உலர்பனி இன்னொரு கவனம்: ஒரு கிலோ கரைந்தால் 500 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு. விமானத்துக்கு இத்தனை கிலோ என்று வரம்பு உண்டு. காற்றோட்ட எந்திரம் ஒன்று பழுதானால் அந்த வரம்பும் சுருங்கும். ஒருநாள் கோழிக்குஞ்சுகள் என்றால் சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும், ஏனெனில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் தாமே ஒரு அடுப்பு. குதிரைகள் என்றால் பராமரிப்பாளர்களும் ஏறுவார்கள். மெதுவாக ஏறி, மெதுவாகத் திரும்பி, பிரேக்கையும் மெதுவாகத்தான் அழுத்த வேண்டும்.

கடைசியாக இரவு. ஃபெடெக்ஸ் 1973 ஏப்ரல் 17 அன்று மெம்பிஸிலிருந்து 14 சிறு விமானங்களோடு 25 நகரங்களுக்கு 186 பொட்டலங்களை அனுப்பிய நாளிலிருந்து இத்தொழிலின் கடிகாரம் தலைகீழ்தான். பகலில் பார்சல் சேரும், நள்ளிரவில் எல்லா விமானங்களும் ஒரே இடத்தில் வந்து கொட்டும், பிரித்து ஏற்றியதும் அதிகாலையில் கிளம்பும். உடல் தூங்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் 2 மணி முதல் 6 மணி வரைதான் இரண்டாவது புறப்பாடும் தரையிறக்கமும். நாலு இரவு வேலை, மூன்று நாள் வீட்டில் பகல் வாழ்க்கை என்று மாற்றி மாற்றி வாழ்வதால் உடல் எதற்கும் பழகுவதில்லை. நிறுவனம் தரும் ஓய்வு மணிக்கணக்கில் சரியாக இருக்கும். ஆனால் காலை 9 மணிக்கு, மே மாத வெயிலில், பக்கத்து அறைக் கதவுகள் அறைபடும் விடுதியில் படுப்பதும், இரவு 10 மணிக்குப் படுப்பதும் ஒன்றல்ல. சில நாடுகளில் ஒரு விமானி இருக்கையிலேயே சுமார் 40 நிமிடம் கண்ணயர அனுமதி உண்டு. நாசா செய்த ஆய்வில் அப்படி 40 நிமிடம் கொடுத்தவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம். இறங்கும்போது அவர்களின் விழிப்பு தெளிவாகக் கூடியிருந்தது. அமெரிக்கா அதை இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் அனுமதிப்பதில்லை.

அதே அமெரிக்கா 2014 ஜனவரியில் விமானிகளின் சோர்வுக்கெனப் புதிய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, சரக்கு மட்டும் ஏற்றும் நிறுவனங்களைக் கட்டாயத்திலிருந்து விலக்கியது. செலவு அதிகம், பயன் குறைவு என்பது காரணம். அதாவது விழுந்தால் சாவது இருவர்தான். விதி எழுதப்பட்டு, ஆனால் நடைமுறைக்கு வருவதற்கு முன், 2013 ஆகஸ்ட் 14 அதிகாலை 5 மணிக்குச் சற்று முன்பாக, அலபாமாவின் பர்மிங்காமில் யுபிஎஸ் ஏர்பஸ் ஏ300 ஓடுபாதையை எட்டாமல் குன்றில் மோதியது. பெரிய ஓடுபாதை பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்ததால் சிறிய ஓடுபாதைக்கு, உயர வழிகாட்டல் இல்லாத முறையில் இறங்கினார்கள். கணினியில் பாதையை முறையாக அமைக்காதது கவனத்தில் படவில்லை. வேகமாகக் கீழிறங்கியதும் கவனத்தில் படவில்லை. காரணங்களில் சோர்வையும் விசாரணை வாரியம் குறித்தது. காக்பிட் ஒலிப்பதிவில், புறப்படும் முன், சரக்கு விமானிகளுக்கு மட்டும் ஓய்வு விதி ஏன் வேறு என்று அந்த இருவரும் பேசிக்கொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது.

சம்பளம், பழைய பயணிகள் விமானத்தை மாற்றி ஓட்டும் தொல்லை, பண்டிகைக் காலத்தில் கூடுதல் பறப்பு போன்றவை எல்லா வேலையிலும் இருப்பவை; அவற்றை விட்டுவிடுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. ஓய்வு விதியில், விதிவிலக்கில், சலுகைக் காலத்தில், எதில் கை வைத்தாலும், பின்னால் ஆள் இருக்கிறாரா பெட்டி இருக்கிறதா என்று பார்த்து இரவின் நீளத்தை டிஜிசிஏ மாற்றக் கூடாது.

வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. ஊரிலிருக்கும் தம்பிக்கோ மகளுக்கோ கூரியரில் அனுப்பும் பெட்டியில் பவர் பேங்க், கழற்றிய லேப்டாப் பேட்டரி, டிரோன் பேட்டரி, இ-சிகரெட் இருந்தால் கவுன்ட்டரில் வாய்விட்டுச் சொல்லுங்கள். உப்பிய, அடிபட்ட பேட்டரியை அனுப்பவே வேண்டாம். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுங்கள். சாவி, நாணயத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சொன்னால் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். லாரியில் போகும், இரண்டு நாள் தாமதமாகும்.

இப்படிக்கு,
சரக்கு விமானப் பணியில் இருப்போர் சிலர்,
மீனம்பாக்கம், சென்னை.